ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்

ஜூலை 15, செவ்வாய்

மழை இல்லை. பனி மட்டும். கோயில் வளைவு, அந்த முடக்கு வரும்வரை ரோடே தெரியவில்லை.

வேன் மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டது. டக் டக் டக் டக். முன்பெல்லாம் ஸ்டார்ட் செய்து கொஞ்சம் சூடானதும் நின்றுவிடும். இப்போது பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை விடாமல் அடிக்கிறது. பழைய வேன், எஞ்சின் பின்பக்கம், கடைசி சீட்டுக்குக் கீழே. அங்கே உட்காரும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். தாளத்துக்குத் தலையாட்டுகிறார்கள். என் மகள் கவி அதற்குப் பாட்டும் கட்டிவிட்டாள். "டக்கு வேன் வருது, தள்ளி நில்லு."

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் புருஷன் கட்டாருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஒரே சொத்து இது. லைசன் எடுத்து, தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி நானே ஓட்டுகிறேன். ஓட்டத்தான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பூண்டுலோயா டவுனுக்குப் போனேன். பாரூக் நானாவின் கராஜ் பூட்டு. தங்கச்சி மகளுக்குக் கல்யாணமாம், அக்குறணை போயிருக்கிறார். பக்கத்துக் கடையில் சொன்னார்கள்: "அவரு இருந்தாலும் இந்த ஹைட்ரோலிக் சாமான்ல கை வெக்க மாட்டாரும்மா. இடைவெளியில கேஜ் தகடு விட்டு அளக்குற எஞ்சின்தான் அவருக்கு."

சத்தத்தைப் போனில் பதிந்து என் புருஷன் செல்வத்துக்கு அனுப்பினேன். (இனி செ. என்றே எழுதுகிறேன். பேனா மை மிச்சம்.) கட்டாரிலும் கராஜில்தான் வேலை, தெரியாமலா இருக்கும்.

பதில் உடனே வந்தது. "லிஃப்டர்தான் புள்ள. வால்வத் தள்ளுற சாமான். அதுக்குள்ள எண்ணெய் நிக்கணும், நிக்காம ஆட்டம் குடுக்குது. செட் பண்ணுனா சத்தம் போயிரும். நீயே பண்ணலாம். பயப்படாத."

பயப்படாத. கல்யாணத்தன்றும் இதைத்தான் சொன்னார். பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் இதேதான்.

வாங்க வேண்டியது: ஒயில், கவர் பேக்கிங் இரண்டு பக்கத்துக்கும், பழைய துணி, தீப்பெட்டி, சீனி. கவிக்கு ரூலர்.

ஜூலை 16, புதன்

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்து ஷெட்டில் வேனை விட்டேன். தகரத்தில் மழை. அட்டைப் பெட்டியை விரித்து அடியில் படுத்தேன். முதுகு ஐஸ்.

செ. அனுப்பிய குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் செய்தேன். மறக்காமலிருக்க இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

கவரைக் கழற்றவும். பிஸ்டன் மேலே வரும்வரை எஞ்சினைக் கையால் சுற்றவும். நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைப் பின்னுக்கு எடுக்கவும். பிறகு மெல்ல உள்ளே. வால்வின் நுனியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடத்தில் நிறுத்தவும்.

அதற்குப் பிறகு அவர் சொன்னபடியே: "அங்கேருந்து ரெண்டு சுத்து உள்ள. ஆனா ஒரே மூச்சில முறுக்கிறாத. கொஞ்சம் முறுக்கு, வால்வு தொறந்துக்கும். விட்டுட்டு ஒரு பிளேன்டீ குடி. அதுக்குள்ள லிஃப்டர்ல உள்ள எண்ணெய் கசிஞ்சு, அது அமுங்கி, வால்வு தானா மூடிக்கும். பெறகு மிச்சத்த முறுக்கு. எல்லா வால்வுக்கும் இப்படித்தான்."

பிளாஸ்க் நிறைய பாலில்லாத பிளேன்டீ ஊற்றிக்கொண்டு போயிருந்தேன். சொன்னால் சொன்னபடி செய்கிறவள் நான். முறுக்கினேன், குடித்தேன். முறுக்கினேன், குடித்தேன். கடைசி வால்வுக்கு வரும்போது வயிறு குளம். இரண்டு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும், அதனால் கடைசி இரண்டு வால்வுக்கு அரைக் கோப்பைதான்.

ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. பிறகு பிடித்தது. கொஞ்சம் நடுக்கம். ஆனால் சத்தம்? இல்லை! ஒரு டக் கூட இல்லை. ஷெட்டில் தனியாக நின்று கைதட்டினேன், பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் கோழி பயந்து ஓடியது.

பதிந்து அனுப்பினேன். செ.: "இனி நீதான் புள்ள பாஸ். நான் வந்தா ஒங்கிட்டதான் வேல கேக்கணும்."

பிள்ளைகளை ஏற்றக் கீழே போனபோது முன்னால் ஒரு லொறி ஊர்ந்தது, பிரேக்கிலேயே இறங்கினேன். திரும்பும்போது ஏற்றத்தில் வேனுக்கு மூச்சு வாங்கியது. குளிராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கவி பாட்டை நிறுத்திவிட்டு, "சத்தம் எங்கம்மா போச்சு?" என்றாள், எதையோ தொலைத்தவள் மாதிரி.

ஜூலை 17, வியாழன்

எழுத்து கோணல்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முனியாண்டி கோயிலில் எல்லா வண்டிக்காரர்களையும் போல நிறுத்தினேன். சூடம், விபூதி. அங்கிருந்து பாலம் வரை ஒரே இறக்கம், முடக்கு முடக்காக. ஒரு பக்கம் மண் கரை, மறுபக்கம் தேயிலை, பிறகு ஒன்றுமில்லை. வெயில் நாளில் ஆழத்தில் கொத்மலை அணைத் தண்ணீர் தெரியும். பனி விழுந்தால் எனக்கு நிம்மதி, கீழே பார்க்க வேண்டியதில்லை.

எப்போதும் செக்கண்ட் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வேன் நிதானமாக இறங்கும். எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை முடக்கில் மட்டும் தொடுவேன்.

இன்றும் அப்படியே காலை எடுத்தேன். யாரும் பிடிக்கவில்லை.

நியூட்ரலில் விட்ட மாதிரி ஓடியது. கியரைப் பார்த்தேன், செக்கண்டில்தான் இருக்கிறது. பிரேக். மறுபடி பிரேக். காலை எடுத்தால் ஓடுகிறது, எடுக்காவிட்டால் கருகிய வாடை. பின்னால் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நான் ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டே பிரேக்கை மிதிக்கிறேன், அது மெத்தை மாதிரி அமுங்குகிறது. அடுத்த முடக்கு தெரிகிறது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. கரைப் பக்கம் ஒடித்து, ரோட்டோர வாய்க்காலில், அந்தக் கானுக்குள் சக்கரத்தை இறக்கினேன். மண் உரசி, ஒரு குலுக்கு, நின்றது.

பின்னாலிருந்து லெட்சுமி அக்காவின் மகன் மிதுன்: "சித்தி! இன்னொரு வாட்டி!"

எல்லாரும் சிரித்தார்கள். கவி மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை விடாத என் கையைப் பார்த்தாள்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்காரர் ஒருவர் நின்று கயிறு கட்டி இழுத்துவிட்டார். பிரேக் இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார். வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அவர் வாடையைப் பிடித்திருப்பார். தவணைப் பரீட்சை, நேரமாகிவிட்டது. பிள்ளைகளை அவரே லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு வேனை மெல்ல மேலே திருப்பிக்கொண்டு வந்தேன்; பிள்ளைகள் சாயந்தரம் அதே லொறியில் ஏறி வந்தார்கள்.

ஒரு முடக்கு தள்ளி நடந்திருந்தால் கரை இந்தப் பக்கம் இல்லை. அதையே நினைக்கிறேன். நினைக்காதே என்றால் இன்னும் நினைக்கிறேன்.

சாயந்தரம் லெட்சுமி அக்காவிடமும் வழுக்கிவிட்டது என்றேன். "ஆமா, மழ நாள்ல அப்படித்தான்" என்று ரொட்டி கொடுத்தனுப்பினார்கள். அதைக் கவிக்கே வைத்துவிட்டேன்.

செ. போனை எடுக்கவில்லை. வேலை.

ஜூலை 18, வெள்ளி

காற்று. கூரைத் தகரம் ஒன்று ஆடுகிறது.

இன்றும் பரீட்சை. பஸ் தோட்டத்தில் நம் டிவிசனுக்கு வருவதில்லை, இருக்கும் ஒரு த்ரீவீலும் காலையிலேயே டவுனுக்குப் போய்விடும். பாலத்திலிருந்து பள்ளிக்கூடம் பிள்ளைகள் நடக்கிற தூரமில்லை. வேனைக் கீழே கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். பிள்ளைகளோடு கொண்டுபோக மாட்டேன். இரவெல்லாம் படுத்துக்கொண்டு யோசித்தது இவ்வளவுதான்.

கோயிலில் எல்லோரையும் இறக்கினேன். தேயிலைக்குள் குறுக்கு இருக்கிறதே, கொழுந்துக்காரர்கள் இறங்குகிற படி, அது நேராகப் பாலத்துக்குப் போகும். "எல்லாரும் குறுக்கால போங்க. யாரு மொத வர்றாங்கன்னு பாப்போம்." பரீட்சைக்கு முன்னால் ஓடினால் மூளை வேலை செய்யும் என்று ஒரு பொய். மிதுனுக்குக் கேட்கவா வேண்டும், பாய்ந்துவிட்டான்.

நான் தனியாக, ஃபர்ஸ்ட் கியரில், ஹேண்ட் பிரேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு. நடக்கிறவன் என்னை முந்திப் போவான். கதவைப் பூட்டவில்லை, குதிக்க வேண்டிவந்தால். முனியாண்டி முனியாண்டி முனியாண்டி. பாலத்தில் பிள்ளைகள் எனக்காகக் காத்திருந்தார்கள். "சித்தி தோத்துட்டாங்க!"

வெள்ளி என்பதால் செ. லீவு. மத்தியானம் பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவர் கேட்டது:

"ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ நேரம் விட்ட?"

"நீங்க சொன்னபடிதாங்க. ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்."

"எங்க வெச்சு செஞ்ச?"

"ஷெட்டுலதான். மழ. வெரலெல்லாம் வெறச்சுப் போச்சு."

லைன் போய்விட்டது என்று நினைத்து அலோ அலோ என்றேன்.

"இருக்கேன்" என்றார். "இங்க வெயில்ல எண்ணெய் தண்ணியா ஓடும் புள்ள. டீ குடிக்கிறதுக்குள்ள லிஃப்டர் எறங்கிரும். அங்க எண்ணெய் தேனாட்டம் கெட்டியாயில்ல நிக்கும். அது எறங்குறதுக்கு முன்னாடி நீ மிச்சத்தையும் முறுக்கிட்ட. வால்வு மூடவே இல்ல. மூடாத வால்வு வழியா காத்து போயிரும், எஞ்சின் எப்படிப் புடிக்கும்? அதான் சத்தமும் இல்ல, புடியும் இல்ல."

பிறகு, மெதுவாக: "நம்ம ஊரு குளிர மறந்துட்டேன் தேவி."

இங்கே பிறந்து வளர்ந்த மனுஷன். இந்தக் குளிரில் வெறும் காலோடு பள்ளிக்கூடம் போனவர். வேன் பிடிக்காததைவிட இது எனக்குப் பயமாக இருந்தது. குளிரையே மறந்தவர் வேறு எதை மறப்பார்? கேட்கவில்லை. கேட்டால் 'பயப்படாத' என்பார்.

"கதவத் தொற. காத்து சத்தம் கேக்கட்டும்" என்றார். திறந்தேன். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். தகரம் அடித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 19, சனி

முதலில் இருந்து. எல்லா ஸ்க்ரூவையும் பின்னுக்கு எடுத்தேன். இன்று பிளாஸ்க் கிடையாது.

கொஞ்சம் முறுக்கிவிட்டு ரொட்டி சுட்டேன். வந்து பார்த்தேன், இன்னும் இறங்கவில்லை. துணி துவைத்தேன். வந்து பார்த்தேன். விரலால் தொட்டால் தெரிகிறது: வால்வு திறந்திருக்கும்போது அதை அமுக்குகிற இரும்புக் கை கல் மாதிரி விறைப்பாக நிற்கிறது. மூடியதும் கொஞ்சம் இளக்கம் கொடுக்கிறது. அந்த இளக்கம் வரும்வரை அடுத்ததைத் தொடவில்லை. ஒரு வால்வு, பருப்பு வேகிற நேரம். ஒன்று, கவிக்குத் தலை வாரிப் பேன் பார்க்கிற நேரம். ஒன்று பிடிவாதம், காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள் வேலை முடிந்து மலையிலிருந்து திரும்பிவந்தபிறகும் இறங்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

லெட்சுமி அக்கா கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். "என்னா தேவி, காலையிலேருந்து வேனுக்கு அடியில போற, வர்ற. முட்ட வெச்சிருக்கியா?"

ஜூலை 20, ஞாயிறு

பிடிவாதக்காரனும் இறங்கிவிட்டான். மிச்சத்தை முறுக்கினேன், மறுபடி காத்திருந்தேன். நட்டெல்லாம் இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை கவி டார்ச் பிடித்தாள்.

தேய்ந்துபோன பிரேக்கை வெள்ளிக்கிழமையே டவுனில் வேறொரு கராஜில் மாற்றியாகிவிட்டது.

ஸ்டார்ட். டக் டக் டக். பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, எண்ணெய் ஏறி, சத்தம் நின்றது. ஒருபோதும் அந்தச் சத்தத்தைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

தனியாக இறக்கத்தில் போனேன். செக்கண்ட். பிடித்தது என்றுதான் நினைக்கிறேன். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தால்தானே தெரியும். எடுக்க வரவில்லை.

ஜூலை 21, திங்கள்

தூறல். பிள்ளைகளைக் கோயிலில் இறக்கிக் குறுக்கால் அனுப்பினேன். தனியாக இறங்கினேன், கால் பிரேக்கிலேயே.

சாயந்தரம் லெட்சுமி அக்கா சண்டைக்கு வந்தார்கள். மிதுனின் காலைத் தூக்கிக் காட்டி: "இங்க பாரு, அட்ட! சொக்ஸுக்குள்ள மூணு! வேன்ல போறதுக்குத்தானே சேத்து விட்டோம், மலையில எறக்கி விடுறதுக்கா?"

"ஒடம்புக்கு நல்லதுக்கா, எக்சசைஸ்."

"எக்சசைஸா? நான் நாள் பூரா மலையில ஏறி எறங்குறேன், எனக்கு வராத ஒடம்பா இவனுக்கு வரப்போவுது?"

சிரித்துவிட்டேன். அவர்களும். ஆனால் போகும்போது முகத்தைப் பார்த்து, "வேற ஒண்ணுமில்லையே தேவி?" என்றார்கள். இல்லை என்றேன். எத்தனை இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

பாரூக் நானா வந்துவிட்டார். கல்யாணச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார். பிறகு வேனை எடுத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் வைத்து, அந்த இறக்கத்தில் இறக்கினார். கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு பிரேக்கிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டார். நான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். வேன் நிதானமாக இறங்கியது.

"நல்லாப் புடிக்குது தங்கச்சி. இதுக்கு மேல என்ன வேணும்?"

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. நாளைக்கு ஏற்றிக்கொண்டே போகலாம். லெட்சுமி அக்காவிடம் சொல்லிவிடலாம். ஆனால் கண்ணை மூடினால் ஏழாம் வாய்ப்பாடு.

ஜூலை 23, புதன்

வெளிச்சம். இந்த மாதம் முதல் தடவையாகக் கீழே தண்ணீர் தெரிந்தது.

கோயிலில் நிறுத்தினேன். சூடம். "எறங்குங்க, ஓடுங்க." கதவு திறந்தது, எல்லோரும் ஓடினார்கள். கவி கடைசி சீட்டில் உட்கார்ந்தே இருந்தாள்.

"நீயும் போம்மா."

"நான் எறங்கல."

"கவி, எல்லாரும் போறாங்கல்ல."

"அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேன் உருண்டா நாங்க இருக்கக் கூடாதுன்னுதானே எறக்கி விடுறீங்க?"

திரும்பி அவளைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு நாளும் பாலத்துல நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பேம்மா. மிதுன் விளையாடுவான். நான் வேன் சத்தம் வருதான்னு கேப்பேன். முன்னாடின்னா டக்கு டக்குன்னு தூரத்துலயே கேக்கும். இப்ப முடக்குல திரும்புற வரைக்கும் ஒண்ணுமே கேக்காது." அழாமல் சொன்னாள். "நீங்க வராட்டி நான் மட்டும் அங்க நின்னு என்ன பண்றது?"

பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று, நான் பயப்பட்டதையெல்லாம் அவளைத் தனியாகப் பயப்பட வைத்திருக்கிறேன்.

பின்னால் போய்க் கட்டிக்கொண்டேன். அப்புறம் ஸ்டியரிங்குக்கு வந்தேன். அவள் முன் சீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். எஞ்சினுக்கு மேலேதான் இருப்பாளாம். கண்ணாடியில் பார்த்தேன், சீட்டில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

செக்கண்ட்.

"பயமா இருக்காம்மா?" என்றாள்.

"ஆமா."

"எனக்கும்."

கானுக்குள் விட்ட அந்த முடக்குக்கு முன்னால், பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கருப்பு டயர்த் தடம் கரையில் இன்னும் இருக்கிறது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். வேன் மெல்ல, மெல்ல, அதைக் கடந்து திரும்பியது.

பாலத்தில் பிள்ளைகள் கத்தினார்கள். "கவி ஏமாத்திட்டா! கவி ஏமாத்திட்டா!"

சாயந்தரம் லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போய், அன்று வழுக்கவில்லை, வேன் நிற்கவில்லை என்று சொன்னேன். அடுப்பில் ஏதோ தீய்ந்தது, அதைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து சட்டியை இறக்கினார்கள். "நாளைக்கி நானும் மொத பெரட்ட விட்டுட்டு வர்றேன்" என்றார்கள். "கடைசி சீட்ல ஒரு எடம் வை."